டிரை ஃபுட் தொடாத நாய்: பையை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நாய் டிரை ஃபுட் (கடையில் பையில் வரும் உலர்ந்த உருண்டை உணவு) சாப்பிடவில்லை என்றதும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான்: வேறு பிராண்டு வாங்கி வருவார்கள். புதுப் பை நாலைந்து நாள் ஓடும். அப்புறம் பழைய கதைதான். கொஞ்ச நாளில் அலமாரி முழுக்கப் பாதி காலியான பைகள் நிற்கும். இதற்குள் நாயும் ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கும்: இதை வேண்டாம் என்றால் அடுத்து வேறொன்று வரும்.

அடம் பிடிக்கிறது என்று சொல்லப்படும் நாய்களில் பலவற்றுக்குப் பிரச்சினை பையில் இல்லை. வயிறு ஏற்கெனவே நிரம்பியிருக்கும், பை வீட்டில் கெட்டிருக்கும், அல்லது நாய்க்கு உடம்பு சரியில்லாமல் இருக்கும். அதனால் பை மாற்றுவதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். உங்கள் நாய் செய்வது எந்தத் தலைப்போடு பொருந்துகிறதோ அதை மட்டும் படித்தால் போதும். ஆனால் முதல் பகுதியை யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

நேற்று வரை சாப்பிட்டது, இன்று எதையுமே தொடவில்லை

இது அடமா நோயா என்று பிரிக்க ஒரு சின்னச் சோதனை உண்டு. உப்பு, காரம் எதுவும் இல்லாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை நீட்டுங்கள். பிடுங்கித் தின்றால் பெரும்பாலும் அடம். அதையும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், இனி உணவைப் பற்றி யோசிக்காமல் டாக்டரைப் பற்றி யோசியுங்கள்.

நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா, பேபிசியா என்ற இரண்டும் உண்ணி கடித்துப் பரவுபவை. ஆரம்பத்தில் காட்டும் அடையாளம் பல நேரம் "சரியா சாப்பிட மாட்டேங்குது, டல்லா படுத்திருக்கு" என்ற அளவில்தான் இருக்கும். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது இல்லை என்பதால் நிம்மதி அடைய வேண்டாம், போன மாதம் கடித்ததும் கணக்கில் உண்டு. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளிறியிருந்தாலோ மஞ்சள் தட்டினாலோ அன்றைக்கே போய்விடுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம்மைவிடச் சூடு அதிகம் என்பதால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொல்ல முடியாது, ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டர்தான் வழி. 103-ஐத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை தேவை. பிளேட்லெட் குறைந்திருக்கிறதா என்பதை டாக்டர் அதில்தான் பார்ப்பார்.

மழைக்காலத்தில் லெப்டோஸ்பைரோசிஸ் கூடுதல் சந்தேகம். தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து வரும் நோய் இது, மனிதர்களுக்கும் தொற்றும். கருத்தடை செய்யாத பெண் நாய் ஹீட் (இணைசேரும் பருவம்) முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் சாப்பாட்டை நிறுத்தித் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால், கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கலாம். அது அவசரம். ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் மாதிரி ஆழமான நெஞ்சுள்ள பெரிய நாய் வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் தவித்தால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

ஆரோக்கியமான வளர்ந்த நாய் ஒரு வேளை, ஏன் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலும் ஆபத்தில்லை. 24 மணி நேரம் தாண்டியும் எதையும் தொடவில்லை என்றால் காட்டிவிட வேண்டும். குட்டிகளுக்கும் பொம்மை போலச் சின்னதாக இருக்கும் இனங்களுக்கும் அந்த அவகாசம்கூடக் கிடையாது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாட ஆரம்பித்துவிடும். தடுப்பூசி முடியாத குட்டி சாப்பிடாமல் வாந்தியும் எடுத்தால் பார்வோ என்ற வைரஸ் நோய் என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள்.

டிரை ஃபுட் மட்டும் வேண்டாம், மற்றதெல்லாம் சாப்பிடுகிறது

என் அனுபவத்தில் மிக அதிகமாகக் கேட்கும் புகார் இது. விடையும் பெரும்பாலும் ஒன்றுதான். நாய்க்குப் பசி இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாய் சும்மா படுத்திருக்கவே தேவைப்படும் சக்தி, அதன் எடையைக் கிலோவில் எடுத்து 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கினால் வரும் கிலோ கலோரி. செல்போன் கால்குலேட்டரில் போடலாம். 6 கிலோ பொமரேனியனுக்கு அது சுமார் 268. மாடிப்படி தவிர வேறு ஓட்டம் இல்லாத வீட்டு நாய் என்றால் அதை 1.4-ஆல் பெருக்கினால் போதும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 375.

இனி அந்தப் பொமரேனியன் பகலில் என்ன சாப்பிடுகிறது என்று வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். காலையில் அம்மா காபி குடிக்கும்போது நாலு மேரி பிஸ்கட், கிட்டத்தட்ட 95. தாத்தா தட்டிலிருந்து ஒரு இட்லி, 50 வைத்துக்கொள்வோம். "புரோட்டீன் வேணும்ல" என்று இரண்டு அவித்த முட்டை, 150. ராத்திரி அரை டம்ளர் பால், 65. மொத்தம் 360. டிரை ஃபுட் ஒரு உருண்டைகூட உள்ளே போகாமலே அன்றைய கணக்கு முடிந்துவிட்டது. இந்த நாயைப் பார்த்து "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது டாக்டர்" என்று சொன்னால் டாக்டர் நாயின் இடுப்பைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்வார்.

இதில் யாரும் பொய் சொல்வதில்லை. அவரவர் கொடுப்பது அவரவருக்குக் கொஞ்சம்தான். டீக்கடைக்கு நடை கூட்டிப் போகும் அப்பா அங்கே ஒரு பொறை வாங்கிப் போடுவது யாருக்கும் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சரி செய்யும் விதம் எளிது. கடைப்பிடிப்பதுதான் கஷ்டம், அதுவும் வீட்டில் பெரியவர்கள் இருந்தால். நொறுக்குத்தீனி எல்லாம் சேர்ந்து அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன நாய்க்கு அது 37 கிலோ கலோரி, அதாவது ஒன்றரை மேரி பிஸ்கட். தாத்தாவை மறுக்க முடியாதா? அன்றைய டிரை ஃபுட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து ஒரு டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுங்கள். தன் கையால் ஊட்ட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை, எதை ஊட்டுகிறோம் என்பதில் அவருக்குப் பெரிய பிடிவாதம் இருக்காது. நாய்க்கும் கிண்ணத்தில் பிடிக்காத அதே உருண்டை தாத்தா கையிலிருந்து வந்தால் பலகாரம்.

நேரத்தையும் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். காலை, இரவு என இரண்டே வேளை. கிண்ணத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். இருபது நிமிடம் ஆனதும் சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். கெஞ்சுவது, கையால் உருண்டையை எடுத்து வாயில் வைப்பது, "சாப்பிடுடா செல்லம்" என்று பக்கத்தில் உட்கார்வது எல்லாம் வேண்டாம். சாப்பிடாமல் இருந்தால் வீடே தன்னைச் சுற்றி உட்காரும் என்பது நாய்க்கு உணவைவிடப் பெரிய பரிசு. இந்த முறை ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்கு மட்டும்தான். குட்டி, வயதான நாய், சர்க்கரை நோய்க்கு ஊசி போடும் நாய் என்றால் டாக்டரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

அப்படியே நாயின் உடம்பையும் தொட்டுப் பாருங்கள். விலாவில் லேசாகக் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்க வேண்டும். அப்படி இருந்தால் அது சாப்பிடும் அளவு போதுமானது, நீங்கள் எதிர்பார்க்கும் அளவுதான் அதிகம். சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஓட்டத்துக்கென்றே வளர்ந்த இனங்கள் அவை. விலா வெளியே தெரிவது அவற்றின் இயல்பு. அதைப் பார்த்து "எலும்பும் தோலுமா இருக்கு" என்று பக்கத்து வீட்டார் சொன்னதற்காகச் சோறு திணிக்கப்படும் சிப்பிப்பாறைகள் நிறைய.

பை பிரித்த புதிதில் சாப்பிட்டது, பாதிக்கு வந்ததும் நிறுத்திவிட்டது

நாய் சரி. பைதான் கெட்டுவிட்டது.

நாய்க்கு நாக்கில் சுவை மொட்டு சுமார் 1,700தான், நமக்கு 9,000 பக்கம். அதனால் அதன் முடிவெல்லாம் மூக்கில்தான் நடக்கிறது. டிரை ஃபுட் அச்சில் வெந்து வெளியே வந்ததும் அதன்மேல் கொழுப்பையும், விலங்குத் திசுவை நொதிக்கச் செய்து எடுத்த சாற்றையும் தெளிப்பார்கள். நாயை இழுப்பது அந்த மேல்பூச்சு. காற்றும் சூடும் பட்டால் முதலில் போவதும் அதுவே. கொழுப்பு காறிவிட்டால், பழைய முறுக்கு டப்பாவைத் திறந்ததும் வருமே ஒரு சிக்கு வாடை, அது வரும். நமக்கு அந்த வாடை தெரிவதற்கு ரொம்ப நாள் முன்பே நாய்க்குத் தெரிந்துவிடும்.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. ஐப்பசி கார்த்திகையில் வாய் திறந்து கிடக்கும் பை சில நாளில் நமுத்துவிடும். நமுத்த உணவில் பூஞ்சை பிடிக்கும், அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு அந்தப் பூஞ்சையிலிருந்து வருவது. கல்லீரலைத் தாக்கும். கழுவினாலோ சூடு செய்தாலோ போகாது. உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தாலோ மாவு படிந்த மாதிரித் தெரிந்தாலோ "மேலாப்புல இருக்கறத எடுத்துட்டுப் போடலாம்" என்ற சிக்கனம் வேண்டாம். முழுப் பையும் குப்பைக்கு.

பிரித்த பையை நாலு முதல் ஆறு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆகவே நாயின் எடைக்கு ஏற்ற அளவில் வாங்குங்கள். ஒரு நாளைக்கு 100 கிராம் சாப்பிடும் நாய்க்கு 3 கிலோ பை ஒரு மாதம் வரும். "பத்துக் கிலோவா வாங்கினா கிலோவுக்கு இவ்வளவு மிச்சம்" என்ற கணக்கு லாப்ரடார் வீட்டுக்குச் சரி, பக் வீட்டுக்கு நஷ்டம்.

பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. டப்பாவின் சுவரில் பழைய கொழுப்பு படிந்து காறும், அதன்மேல் புதிய உணவைக் கொட்டுவோம். பையோடு அப்படியே டப்பாவில் இறக்கி, பையின் வாயை மடித்துக் கிளிப் போட்டு, மூடியை அழுத்தி மூடுங்கள். பேட்ச் எண்ணும் தேதியும் கையில் இருக்கும் என்பது இன்னொரு நன்மை. அடுப்பங்கரை, பால்கனி, மொட்டைமாடி ரூம் மூன்றும் வேண்டாம். ஃபிரிட்ஜும் வேண்டாம், எடுத்து எடுத்து வைக்கும்போது உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

லூஸில் வாங்குகிறீர்களா? அதை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம். 20 கிலோ மூட்டை கடையில் என்று திறந்தது, எத்தனை பேர் கைவிட்டது, என்ன தேதி போட்டது என்று எதுவும் தெரியாது. விலை கட்டாவிட்டால் பிராண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், சீல் வைத்த பையை விட்டுவிடாதீர்கள்.

மேலே போட்டதைப் பொறுக்கித் தின்றுவிட்டு அடியில் இருப்பதை விட்டுவிடுகிறது

துண்டாகப் போட்டால் பொறுக்கத்தான் செய்யும். கலந்து பிரிக்க முடியாதபடி செய்வதுதான் தந்திரம்.

கோழியைத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை எடுங்கள். வெங்காயம், பூண்டு, உப்பு, மசாலா எதுவும் கூடாது. மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் இரண்டு மூன்று கரண்டி டிரை ஃபுட்மேல் ஊற்றிப் பிசறி, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். சூடு பட்டதும் வாசனை கிளம்பும். எல்லா உருண்டையிலும் ஒரே வாசனை இருப்பதால் பொறுக்க வழியில்லை. வெந்நீர் மட்டும் ஊற்றினாலே பாதி நாய்களுக்குப் போதும், முதலில் அதை முயன்று பாருங்கள். ஊறிய உணவு நம் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். இருபது நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துக் கொட்டிவிடுங்கள். வாரத்துக்கு வாரம் சாற்றைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு மாதத்தில் வெறும் தண்ணீருக்கு இறங்கிவிடலாம்.

கோழி ஈரலுக்கு எந்த நாயும் மயங்கும். ஆனால் அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். தினமும் கொடுக்கும் பொருள் அல்ல அது, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் சுண்டுவிரல் அளவு போதும். ஆட்டுக் கொழுப்பு, பிரியாணி எண்ணெய் இவற்றைத் திடீரென்று கொட்டினால் கணைய அழற்சி வரலாம், சின்ன இனங்களுக்குக் குறிப்பாக. கடையில் வரும் கிரேவி பாக்கெட்டில் 80 சதவீதத்துக்கு மேல் ஈரம். அதில் "காம்ப்ளிமென்டரி" என்று அச்சடித்திருந்தால் அது தொட்டுக்கொள்ளும் பொருள், அதை மட்டுமே கொடுத்து வளர்க்க முடியாது.

வீட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைவது நம் ஊர் வழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுவைச் சிதைக்கும், வதக்கினாலும் வேகவைத்தாலும் அது மாறாது. பலருக்குத் தெரியாத இன்னொன்று புளி. திராட்சை நாய்களின் சிறுநீரகத்தை ஏன் செயலிழக்கச் செய்கிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. அதிலுள்ள டார்டாரிக் அமிலமும் அதன் உப்பும்தான் காரணமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். அதே அமிலம் புளியில் நிறைய. புளிசாதம், வத்தக்குழம்பு, ரசம் மூன்றையும் நாயின் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். "எங்க வீட்டு நாய் பத்து வருஷம் ரசம் சோறு தின்னுச்சு" என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. அந்த நாய் தின்றது எவ்வளவு புளி என்று யாரும் அளக்கவில்லை.

வாயில் எடுத்து, கீழே போட்டு, மறுபடி எடுக்கிறது

பல், அல்லது உருண்டையின் அளவு. மூன்று வயது தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஓர் அளவில் ஈறு நோய் இருக்கும். வாய் நாறுகிறதா, ஒரு பக்கமாகவே மெல்லுகிறதா, கடைவாய்ப் பல்லில் காவி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். டாக்டர் சுத்தம் செய்தபின் அதே உணவைச் சாதாரணமாகச் சாப்பிடும். அதுவரை ஊறவைத்துக் கொடுங்கள். பக், ஷிட்சூ மாதிரிச் சப்பை மூஞ்சிக்குத் தட்டையான பெரிய உருண்டையைக் கிண்ணத்திலிருந்து அள்ளவே வராது. அவற்றுக்குச் சின்ன இனத்துக்கான பையும் குழி இல்லாத தட்டும். எதிர்ப்பக்கமாக, லாப்ரடாருக்குச் சின்ன உருண்டையைக் கொடுத்தால் மெல்லாமல் விழுங்கி, அப்படியே வெளியே தள்ளும்.

காலையில் தொடாது, ராத்திரி சாப்பிடும்

சித்திரை வைகாசியில் எந்த நாயும் குறைத்துத்தான் சாப்பிடும். விடியற்காலை ஐந்தரை ஆறுக்குள் ஒரு வேளை, வெயில் தணிந்து எட்டு மணிக்கு மேல் ஒரு வேளை. பகலில் வற்புறுத்தாதீர்கள். வருடம் முழுக்க இப்படித்தான் என்றால், காலை நடைக்கு முன்பு கொடுக்கிறீர்களா என்று பாருங்கள்; நடை முடிந்து அரைமணி ஓய்வுக்குப் பின் கொடுத்தால் பல நாய்களுக்கு இது தீர்ந்துவிடும்.

மருந்து கொடுத்த பிறகு கிண்ணத்தைக் கண்டாலே ஓடுகிறது

உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 28 நாள் ஓடும். வயிற்றைப் பிரட்டும் மருந்து அது. அதை டிரை ஃபுட்டுக்குள் ஒளித்துக் கொடுத்தால், குமட்டல் வந்ததற்கு நாய் குற்றம் சாட்டுவது மருந்தை அல்ல, டிரை ஃபுட்டை. மருந்துக்குத் தனியாக ஒரு வாய் சோற்றுருண்டையோ கோழித் துண்டோ வைத்துக்கொள்ளுங்கள், அன்றாட உணவில் மட்டும் கலக்காதீர்கள். ஏற்கெனவே வெறுத்துவிட்டது என்றால், பை மாற்றுவது நியாயமாகும் இடம் இது. வேறு வாசனை, வேறு கிண்ணம், வேறு மூலை.

சாப்பிடுகிறது, ஆனால் மோஷன் கூடைகூடையாகப் போகிறது, அல்லது சொறிந்துகொண்டே இருக்கிறது

மோஷன் அளவு அதிகம் என்றால் உணவு செரிக்காமல் வெளியே போகிறது என்று அர்த்தம். முதலில் அளவைக் குறைத்துப் பாருங்கள், குடற்புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தது என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால்தான் உணவை மாற்ற வேண்டும்.

அரிப்புக்கு முதல் காரணம் நம் ஊரில் உண்ணி, தெள்ளுப்பூச்சி, ஈரத்தில் வரும் தோல் தொற்று. உணவு ஒவ்வாமை அதற்கெல்லாம் பின்னால்தான். இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. நாய் இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு புரதம், அல்லது புரதத்தை உடைத்துச் செய்த மருத்துவ உணவு, அதை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. அந்த எட்டு வாரத்தில் ஒரு பிஸ்கட் போனாலும் கணக்கு கெட்டுவிடும். தாத்தா டப்பா இங்கேயும் தேவைப்படும்.

எல்லாம் பார்த்தாச்சு, பையைத்தான் மாற்றணும்

இப்போது கடைக்குப் போகலாம். பையின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். அங்கே இருக்கும் இறைச்சித் துண்டு, கேரட், பச்சைப் பட்டாணிப் படங்கள் உங்களுக்காக வரைந்தவை.

பின்பக்கம் திருப்பினால் முதலில் தேட வேண்டியது, இது முழுமையான சமச்சீர் உணவு, எந்த வயது நாய்க்கானது என்று சொல்லும் வரி. அந்த வரி இல்லாத பையைத் திரும்ப வைத்துவிடுங்கள். பல நிறுவனங்கள் பின்பற்றுவது அமெரிக்காவில் தீவனத் தரம் வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் அளவு. ஈரம் நீக்கிய கணக்கில், வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதம், 5.5 சதவீதம் கொழுப்பு. வளரும் குட்டிக்கு 22.5-உம் 8.5-உம். இது உயிர்வாழப் போதுமான கீழ்க்கோடு. சாப்பிட அடம் பிடிக்கும் நாய்க்கு 24-க்கு மேல் புரதமும் 12-க்கு மேல் கொழுப்பும் உள்ள பையைப் பார்ப்பேன். கொழுப்புதான் ருசி, அதோடு கலோரியும் அடர்த்தியாகும், கொஞ்சம் சாப்பிட்டாலே போதும்.

அந்த அடர்த்தியை வீட்டிலேயே கணக்கிடலாம். புரதத்தை 3.5-ஆல் பெருக்குங்கள், கொழுப்பை 8.5-ஆல். மாவுச்சத்து எவ்வளவு என்று பெரும்பாலும் போட்டிருக்காது. புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் (அதாவது தாது உப்புகள்) ஐந்தையும் கூட்டி 100-லிருந்து கழித்தால் வருவதே அது. சாம்பல் அளவு இல்லாவிட்டால் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் 3.5-ஆல் பெருக்கி மூன்றையும் கூட்டினால் 100 கிராமில் உள்ள கலோரி. புரதம் 20, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 12 என்று போட்ட பைக்கு சுமார் 312 வரும். 30, 18, 3, 9 என்று போட்ட பைக்கு 370. நம் 6 கிலோ பொமரேனியனுக்கு முதலாவதில் 120 கிராம் வேண்டும், இரண்டாவதில் 102 கிராம் போதும். விலையை ஒப்பிடும்போதும் கிலோவுக்கு எவ்வளவு என்று பார்க்காமல் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பாருங்கள். வித்தியாசம் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும்.

பொருள் பட்டியல் எடை வரிசையில் இருக்கும், ஆனால் அது சமைப்பதற்கு முந்தைய எடை. "புதிய கோழி இறைச்சி" முதலில் இருந்தால் மயங்க வேண்டாம், பச்சைக் கறியில் கிட்டத்தட்ட 70 சதவீதம் தண்ணீர். "சிக்கன் மீல்" என்பது காய்ந்து பொடித்தது, அது இரண்டாவது இடத்தில் இருந்தாலும் நிஜப் புரதம் அதிலிருந்துதான் வருகிறது. அரிசி, அரிசித் தவிடு, நொய் என்று ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதியிருந்தால் மூன்றையும் மனதுக்குள் கூட்டிப் பாருங்கள், அதுதான் முதலிடத்தில் நிற்கும். இன்னொன்று: புரத சதவீதம் என்பது உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிய எண். இறகும் தோலும்கூட அந்த எண்ணில் சேரும். அது செரிக்குமா என்பதைப் பை சொல்லாது. இரண்டு வாரம் கழித்து மோஷன் சொல்லும்.

தானியம் நாய்க்கு ஆகாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவை ஓநாயைவிட அதிகப் பிரதிகளில் நாய் வைத்திருக்கிறது. 2013-இல் வந்த மரபணு ஆய்வு இதைக் காட்டியது. அரிசி அதற்கு எதிரி அல்ல. மாறாக, பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கை நிரப்பிச் செய்த கிரெயின் ஃப்ரீ உணவுக்கும் டிசிஎம் என்ற இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் விசாரணையை அறிவித்தது. தொடர்பு நிரூபணமாகவில்லை. ஆனாலும் டாக்டர் சொல்லாமல் கூடுதல் காசு கொடுத்துக் கிரெயின் ஃப்ரீ வாங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

நாயைச் சைவமாகவே வளர்க்க முடியுமா என்று சைவ வீடுகளில் கேட்பார்கள். முழுமையானது என்று போட்ட சைவ டிரை ஃபுட்டில் நாய் வாழ முடியும். பூனையால் முடியாது. தயிர்சாதம் மட்டும் என்றால் நாயாலும் முடியாது.

குட்டிக்குக் குட்டிக்கான பைதான். வளர்ந்தால் 32 கிலோவைத் தாண்டும் இனங்களுக்கு "லார்ஜ் பிரீட் பப்பி" என்று போட்டதை வாங்குங்கள். அவற்றுக்குக் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரையறை இருக்கிறது. நல்ல பையையும் வாங்கிவிட்டு அதன்மேல் கால்சியம் டானிக்கும் ஊற்றுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. கூடுதல் கால்சியத்தைக் குட்டியின் குடல் வடிகட்டாது. எலும்பும் மூட்டும் கோணும். பை முழுமையானது என்றால் டானிக் தேவையில்லை.

மூன்று பை பிடித்திருக்கிறதா? மூன்றிலும் சின்ன பாக்கெட் வாங்கி, ஒரே மாதிரி இரண்டு கிண்ணத்தில் இரண்டு வகையை அருகருகே வையுங்கள். எதை முதலில் காலி செய்கிறது என்று பாருங்கள். மறுநாள் கிண்ணங்களை இடம் மாற்றி வையுங்கள், சில நாய்கள் எப்போதும் வலது பக்கம்தான் போகும். வென்றதை மூன்றாவதோடு மோதவிடுங்கள். ஒவ்வொன்றிலும் நாலைந்து உருண்டைக்கு மேல் வேண்டாம், வயிறு தாங்காது.

தேர்ந்தெடுத்த பின் மாற்றத்தை ஒரு வாரம், பத்து நாளுக்கு நீட்டுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதியது, அடுத்து பாதி, அடுத்து முக்கால், பிறகு முழுசாக. லூஸ் மோஷன் ஆனால் முந்தைய அளவுக்கு இறங்கி இரண்டு நாள் நில்லுங்கள். அளப்பதற்குப் பையோடு வரும் கப் வேண்டாம், சமையலறைத் தராசில் கிராமில் நிறுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு உங்கள் எடையை மட்டும் பார்த்துக் கழியுங்கள். எடை கூடினால் உணவைப் பத்து சதவீதம் குறையுங்கள், மெலிந்தால் பத்து சதவீதம் கூட்டுங்கள். சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனால் அடுத்த பை வாங்க வேண்டாம். மல, ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.